பட்டறை பதில்கள்: அப்பாவின் புல்லட்

இந்த முறை வந்த கடிதங்களில் நிறைய பேர் ஒரே விஷயத்தைத்தான் கேட்டிருக்கிறார்கள். வருஷக்கணக்கில் நின்றுபோன வண்டியை மறுபடி எப்படி ஓட வைப்பது? அதனால் இந்த இதழ் முழுவதும் அதற்கே. முதல் கடிதத்துக்குப் பதில் நீளமாக இருக்கும். அதில் சொன்னதை மற்றவர்களுக்குத் திரும்பச் சொல்லவில்லை. எல்லோரும் அதைப் படித்துவிடுங்கள்.

எங்கள் வீட்டு போர்ட்டிகோவில் அப்பாவின் புல்லட் 350 நிற்கிறது. 1994 மாடல். 2016-ல் அப்பா தவறிய பிறகு யாரும் அதை எடுக்கவில்லை. அம்மா வாரம் ஒருமுறை துணியால் துடைப்பதோடு சரி. எனக்கு 31 வயது. ஸ்கூட்டரும் ஓட்டுவேன், கியர் வண்டியும் ஓட்டுவேன். இதை நானே ஓட்ட ஆசை. தெருமுனையில் இருக்கும் மெக்கானிக் பையன், ‘பெட்ரோல் ஊத்தி நாலு கிக் அடிச்சா ஸ்டார்ட் ஆயிடும்க்கா’ என்கிறான். செய்யலாமா? என் எடை 50 கிலோதான். புல்லட்டுக்கு என்னால் கிக் அடிக்க முடியுமா?
– வாசகி, பெரம்பூர்

நல்லவேளை, கிக் அடிப்பதற்கு முன்னால் எழுதினீர்கள் தங்கச்சி. அந்தத் தம்பியிடம் இப்போதைக்குச் சாவியைக் கொடுக்காதீர்கள். அவன் சொன்னபடி ஸ்டார்ட் ஆனாலும் ஆகும். ஆனால் அந்த நாலு கிக்கில் இன்ஜினுக்குள் என்ன உடையும் என்பது வெளியே தெரியாது.

காரணம் சொல்கிறேன். வண்டியை நிறுத்தும்போது பிஸ்டன் ஏதோ ஓர் இடத்தில் நிற்கும். பெரும்பாலும் ஒரு வால்வு கொஞ்சம் திறந்தபடிதான் இருக்கும். அந்த வழியாக நம் ஊர் ஈரக் காற்று உள்ளே போய்வரும். பிஸ்டன் ஏறி இறங்கும் உருளைச் சுவரைத்தான் போர் என்போம். உங்கள் வண்டியில் அது வார்ப்பிரும்பு. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் உட்கார்ந்திருக்கும் இடத்தில், வளையல் போட்ட மாதிரி ஒரு கோடாகத் துரு பிடிக்கும். ரிங்கும் பிஸ்டன் பள்ளத்தில் பிசினாக ஒட்டிக்கொள்ளும். சுவரில் ஒட்டியிருந்த ஆயில் எப்போதோ கீழே வடிந்திருக்கும். இந்த நிலையில் முழு பலத்தோடு உதைத்தால், காய்ந்த சுவரில் துருவின் மேல் ரிங்கை இழுக்கிறோம்.

இது என் கையாலேயே நடந்தது. 1984-ல் நான் புதுப்பேட்டையில் ஒரு பட்டறையில் வேலை பழகிக்கொண்டிருந்தேன். மூன்று வருஷம் நின்ற ராஜ்தூத் ஒன்று வந்தது. தபால்காரர் ஒருவருடைய வண்டி. மேஸ்திரி சாப்பிடப் போயிருந்தார். அவர் வருவதற்குள் ஸ்டார்ட் செய்துவிட வேண்டும் என்று ஏறி உதைத்தேன். ஆறாவதோ ஏழாவதோ கிக்கில் ‘டக்’ என்று ஒரு சத்தம். ஹெட்டையும் சிலிண்டரையும் கழற்றிப் பார்த்தால் மேல் ரிங் இரண்டு துண்டு. போரில் மேலிருந்து கீழ்வரை நகம் மாட்டும் ஆழத்துக்கு ஒரு கீறல். லேத்துக்கு அனுப்பி போர் அடித்து, ஓவர்சைஸ் பிஸ்டன் தேடி வாங்கிப் போட்டு முடிக்கப் பதினோரு நாள் ஆயிற்று. அந்தப் பதினோரு நாளும் அவர் வெயிலில் சைக்கிளில் போய்வந்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதற்குப் பிறகு, நின்ற வண்டி எது வந்தாலும் கையால் சுற்றிப் பார்க்காமல் நான் கிக்கரைத் தொடுவதே இல்லை.

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம்.

சென்டர் ஸ்டாண்ட் போடுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். கழற்றும் முன் அந்தக் குழியில் இருக்கும் மண்ணை ஊதிவிடுங்கள், இல்லாவிட்டால் அத்தனையும் உள்ளே விழும். பிளக் ஓட்டை வழியாக இரண்டு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விடுங்கள். அப்புறம் இரண்டு நாள் வண்டியைத் தொடாதீர்கள். மூன்றாம் நாள் டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் மெல்ல அசையுங்கள். சக்கரத்தோடு இன்ஜினும் சுற்றினால் பாதி கவலை தீர்ந்தது. நாலைந்து சுற்று அப்படியே கையால் சுற்றுங்கள். அசையவே இல்லை என்றால் டீசலும் ஆயிலும் சரிபாதி கலந்து விட்டு ஒரு வாரம் பொறுங்கள். அதற்கும் அசையாவிட்டால் இரும்புக் கம்பி, சுத்தியல் என்று இறங்க வேண்டாம். ஹெட்டையும் சிலிண்டரையும் கழற்றிப் பார்ப்பதுதான் வழி. புல்லட்டில் அது பயப்படும் வேலை இல்லை.

அடுத்தது ஆயில். இதைப் புல்லட் தெரியாத மெக்கானிக் தவறவிடுவார். இந்தப் பழைய இன்ஜினில் ஆயில் தனி அறையில் இருக்கும். பம்ப் அதை எடுத்துச் சுற்ற விடும். வருஷக்கணக்கில் நின்றால் அந்த ஆயில் பம்ப் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கி, பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிரான்க் இருக்கும் இடத்தில் தேங்கிவிடும். மேலே அளவு பார்த்தால் குறைவாகத் தெரியும். ‘ஆயில் இல்லையே’ என்று புது ஆயிலை ஊற்றினால் இன்ஜினுக்குள் இரண்டு மடங்கு ஆகிவிடும். ஸ்டார்ட் செய்த உடனே தெருவே தெரியாத அளவுக்குப் புகை வரும், பிளக் நனைந்து அணையும். அதனால் ஆயில் அறை, கிரான்க்கேஸ் இரண்டின் டிரெயின் போல்ட்டையும் கழற்றி, பழையதை முழுக்க வடித்துவிட்டு 20டபிள்யூ-50 ஆயில் ஊற்றுங்கள். வடியும் ஆயிலைக் கவனியுங்கள். கறுப்பாக இருந்தால் பரவாயில்லை. காபியில் பால் கலந்த நிறத்தில் வந்தால் தண்ணீர் போயிருக்கிறது. அப்போது இன்ஜினைத் திறக்க வேண்டும்.

டேங்க்கில் ஒன்பது வருஷப் பெட்ரோல் மிச்சம் இருந்தால் வார்னிஷ் மாதிரி நாற்றம் அடிக்கும். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டருக்கு அதில் ஒரு சொட்டுகூடப் போகக் கூடாது. டேங்க்கைக் கழற்றி, சாக்கடையில் ஊற்றாமல் ஒரு கேனில் பிடித்து மெக்கானிக்கிடம் கொடுங்கள். பெட்ரோல் டியூபைப் புதிதாகப் போடுங்கள். டேங்க்குக்கு அடியில் இருக்கும் பெட்ரோல் காக்கில் உள்ள வாஷரும் புதிது. இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. 1994-ல் செய்த ரப்பரும் கார்க்கும் அதை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை அல்ல. ஊறும், உப்பும், துண்டு துண்டாக உதிரும்.

கார்புரேட்டரை மேஜை மேல் ஒரு வெள்ளைத் துணி விரித்துப் பிரியுங்கள். கீழ்க் கிண்ணத்தைக் கழற்றினால் அடியில் பச்சையும் பழுப்புமாகப் பிசின் காய்ந்திருக்கும். உள்ளே பெட்ரோலை அளந்து விடும் இரண்டு பித்தளை ஜெட். பெரியது மெயின் ஜெட்; சின்னது, ஆக்ஸிலேட்டரை முறுக்காதபோது பெட்ரோல் விடும் ஸ்லோ ஜெட். நின்ற வண்டிகளில் நான் பார்க்கும் கோளாறில் பெரும்பங்கு அந்தச் சின்ன ஜெட்டில்தான். அதன் நடுத் துளை மயிரிழை அளவுதான் இருக்கும். கழற்றி, ஒரு கண்ணை மூடி, வானத்தைப் பார்த்துப் பிடியுங்கள். வட்டமாக ஒரு புள்ளி வெளிச்சம் தெரிய வேண்டும். பிறை மாதிரி தெரிந்தால் அடைப்பு பாதி இருக்கிறது. இருட்டாக இருந்தால் முழு அடைப்பு. ஒரு ராத்திரி கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, காற்று அடியுங்கள். அதற்கும் போகாவிட்டால் மின்சார ஒயரைச் சீவி, ஒற்றைச் செம்பு இழை எடுத்து நுழைத்துப் பாருங்கள். ஊசி, குண்டூசி வேண்டவே வேண்டாம். பித்தளை மிருதுவானது, துளை பெரிதாகிவிட்டால் வண்டி பிறகு ஒருநாளும் ஸ்லோவில் சீராக ஓடாது.

இன்னொன்று, சைலன்சர் வாயில் டார்ச் அடித்துப் பாருங்கள். அயனாவரத்தில் ஒரு புல்லட். கரன்ட் வருகிறது, பெட்ரோல் வருகிறது, கம்ப்ரஷன் இருக்கிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை. ஒரு நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டோம். கடைசியில் சைலன்சரைக் கழற்றித் தட்டினால், இரண்டு கைப்பிடி குளவி மண் கொட்டியது. ஏர் ஃபில்டர் பெட்டியையும் திறந்துவிடுங்கள். அங்கே எலி குடியிருந்திருக்கும். எலி இருந்தால் ஒயரிங்கையும் கடித்திருக்கும்.

பழைய பேட்டரியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், அது போய்விட்டது. அதன் மேல் 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று பார்த்துவிட்டு அதையே புதிதாக வாங்குங்கள். பிளக்கில் பொறி வரச் செய்யும் பாயின்ட் முனை இரண்டும் நீலம் பூத்திருக்கும். நைஸ் எமரித் தாளில் ஒரு இழுப்பு, பிறகு சுத்தமான காகிதத்தை நடுவில் விட்டு ஒரு இழுப்பு. இடைவெளி 0.35-லிருந்து 0.40 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். புது பிளக்கை ஹெட் மேல் வைத்துச் சுற்றிப் பார்த்தால் நீலமாகப் பொறி வர வேண்டும். கிளட்ச் பிளேட்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். பிளக் இல்லாமலேயே, கிளட்ச்சைப் பிடித்தபடி கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். சில தடவையில் விட்டுக்கொடுக்கும்.

டயர் பார்ப்பதற்கு நன்றாக இருந்தாலும் மாற்றுங்கள். டயர் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2314 என்று இருந்தால் 2014-ம் வருஷம் 23-வது வாரம் செய்தது. டியூபும் மாற்ற வேண்டும். பிரேக் ஷூவில் லைனிங் பசை விட்டுக் கையோடு வந்துவிடும். ஓடும்போது அது டிரம்முக்குள் சிக்கினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். பெயின்ட்டுக்கும் குரோமியத்துக்கும் முதலில் செலவு செய்துவிட்டு, பழைய டயரோடும் பழைய பிரேக்கோடும் ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அம்மா ஒன்பது வருஷம் துடைத்துவந்த பெயின்ட் அப்படியே இருக்கட்டும். பணத்தை டயர், பிரேக், கேபிள்களில் போடுங்கள்.

இப்போதுதான் கிக். 50 கிலோ தாராளமாகப் போதும். புல்லட்டுக்கு எடையைவிட முறைதான் முக்கியம். சாவியைப் போடுங்கள், சோக் போடுங்கள். கிக்கரைக் காலால் மெதுவாக அழுத்திக்கொண்டே போனால் ஓர் இடத்தில் கல் மாதிரி நிற்கும். அந்த இடத்தில் ஹெட்லைட் மேல் இருக்கும் ஆம்பியர் மீட்டரைப் பாருங்கள். முள் நடுவுக்கு வந்திருக்கும். இடது கைப்பிடியில் இருக்கும் உள்ளே அழுத்தத்தை விடுவிக்கும் சின்ன டீகம்ப்ரஸர் லீவரை இழுத்துப் பிடித்து, கிக்கரை இன்னும் கொஞ்சம் மட்டும் இறக்குங்கள். லீவரை விடுங்கள். கிக்கரை மேலே வர விடுங்கள். இப்போது ஆக்ஸிலேட்டரைத் தொடாமல், மேலிருந்து கீழ்வரை ஒரே ஓட்டமாக, உடம்பு எடையோடு இறங்குங்கள். ஷூ கட்டாயம், டைமிங் தப்பாக இருந்தால் கிக்கர் திருப்பி அடிக்கும். உங்கள் அப்பா இதைத்தான் தினமும் காலையில் செய்திருப்பார். அவர் ஏன் கிக் அடிப்பதற்கு முன் குனிந்து மீட்டரைப் பார்த்தார் என்பது உங்களுக்கு நினைவிருந்தால், இதுதான் காரணம்.

ஸ்டார்ட் ஆனதும் முறுக்காதீர்கள். மேலே வால்வை அழுத்தும் ராக்கருக்குப் போகும் ஆயில் பைப் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தினால் ஆயில் கசிய வேண்டும். ஒரு நிமிஷத்துக்குள் கசியவில்லை என்றால் இன்ஜினை அணைத்துவிடுங்கள். பம்ப் வேலை செய்யவில்லை. கசிந்தால் போல்ட்டை இறுக்கிவிட்டு, பத்து நிமிஷம் ஸ்லோவில் ஓடட்டும். 150 கிலோமீட்டர் ஓட்டியதும் ஆயிலை ஒருமுறை மாற்றுங்கள்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. நீங்கள் பழகிய வண்டிகளில் வலது கால் பிரேக், இடது கால் கியர். அப்பாவின் வண்டியில் தலைகீழ்: வலது காலில் கியர், இடது காலில் பிரேக். அவசரத்தில் உங்கள் வலது கால் தானாக அழுத்தும், வண்டி நிற்காது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குள், ஆள் நடமாட்டமில்லாத உள்தெருவில், கால் பழகும்வரை முதல் இரண்டு கியரிலேயே போய்வாருங்கள். பேப்பரெல்லாம் சரியாகும் வரை அதுவும் வேண்டாம். கீழே கொளத்தூர் வாசகருக்குச் சொன்னதைப் பாருங்கள்.

1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் இருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் சேர்ந்து இங்கே தொடங்கியது, பிறகு திருவொற்றியூர் தொழிற்சாலையில் வளர்ந்தது இந்த வண்டி. நம் ஊர் வண்டி. ஸ்டார்ட் ஆனதும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

என் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் வேளச்சேரி வீட்டில் 2015 டிசம்பர் வெள்ளத்தில் சீட் வரை மூழ்கியது. தண்ணீர் வடிந்ததும் கழுவித் துடைத்து மாடிப்படிக்குக் கீழே நிறுத்தினேன். இப்போது கிக்கர் இறங்குகிறது. ஓட்டலாமா?
– வாசகர், வேளச்சேரி

கிக்கர் இறங்குகிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள் ஐயா. டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் கிரான்க் ஆயிலில் முங்கி நிற்பதில்லை. பெட்ரோலோடு வரும் 2டி ஆயில்தான் அதன் பேரிங்குக்கு உயிர். அந்த இடத்துக்குள் வெள்ளத் தண்ணீர் போய், பத்து வருஷமாக உள்ளேயே காய்ந்திருக்கிறது. பிளக்கைக் கழற்றிவிட்டு கிரான்க்கின் முனையில் இருக்கும் மேக்னெட்டைக் கையால் சுற்றுங்கள். உள்ளே மணல் அரைபடுகிற மாதிரி கரகரவென்று கேட்டால் அது பேரிங் துரு. உங்கள் வண்டியில் கேட்காவிட்டால்தான் ஆச்சரியம். இன்ஜினை இறக்கி, கேஸைப் பிரித்து, கிரான்க் பேரிங்கும் இரண்டு பக்க ஆயில் சீலும் மாற்றிவிடுங்கள். சீல் இறுகியிருந்தால் அந்த வழியாகக் காற்று நுழையும், கலவை மெலியும், பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும்.

ஆயில் பம்ப்பில் காற்று நிற்கும். அதை வெளியேற்றிய பிறகும் நம்பாதீர்கள். முதல் டேங்க்குக்கு மட்டும் லிட்டருக்கு 40 மில்லி 2டி ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்து ஓட்டுங்கள். புகை வரும், வரட்டும்.

இந்த வண்டியின் தயாரிப்பு 1996-லேயே நின்றுவிட்டது. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புது ஸ்பேர்ஸும், புதுப்பேட்டையில் கழற்றிய பழைய பாகமும் தேடலாம். கழற்றிய ஒரிஜினல் கார்புரேட்டர் கிடைத்தால், புது டூப்ளிகேட்டைவிட அதையே வாங்குங்கள். ஆனால் கிரான்க்கேஸை மட்டும் ‘நல்லதா ஒண்ணு இருக்கு சார்’ என்று யார் கொடுத்தாலும் மாற்றிவிடாதீர்கள். இன்ஜின் நம்பர் அதில்தான் அடித்திருக்கிறது. ஆர்சி-யில் ஒரு நம்பர், வண்டியில் ஒரு நம்பர் என்றால் பெரிய தலைவலி.

டேங்க் உள்ளே துரு. புளி கரைத்து ஊற்றினால் போகும் என்கிறார்கள். சரியா?
– வாசகர், திருவான்மியூர்

புளிக்குத் துருவைக் கரைக்கும் சக்தி உண்டு. பித்தளைக் குடத்தின் கறை போவதும் அந்தப் புளிப்பால்தான். ஆனால் டேங்க்குக்குள் அதன் நாரும் சக்கையும் மடிப்புகளில் ஒட்டிக்கொண்டு, பிறகு ஒவ்வொன்றாக வந்து காக்கை அடைக்கும். வெள்ளை வினிகர் ஊற்றுங்கள். கூடவே ஒரு கைப்பிடி சின்ன நட்டுகளைப் போட்டுக் குலுக்குங்கள். போடும்போது எண்ணிப் போடுங்கள், எடுக்கும்போது எண்ணி எடுங்கள். ஒரு நாள் ஊறியதும் கொட்டி, சமையல் சோடா கலந்த தண்ணீரில் அலசி, வெயிலில் வாயைக் கவிழ்த்துக் காயவையுங்கள். காய்ந்த அன்றே கொஞ்சம் ஆயில் விட்டு உள்ளே முழுக்கப் புரட்டிவிட வேண்டும். உங்கள் ஊர் உப்புக் காற்றில் ஒரு ராத்திரி விட்டால் மறுநாள் காலையில் மறுபடி மஞ்சள் பூத்திருக்கும்.

அப்பா பெயரில் உள்ள பழைய பைக்கை ஓட வைத்துவிட்டேன். ஆர்சி காலாவதி, இன்ஷூரன்ஸும் இல்லை. தெருவில் மட்டும் ஓட்டினால் என்ன?
– வாசகர், கொளத்தூர்

ஓட்டக் கூடாது தம்பி. மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் இல்லாமல் பொது இடத்தில் ஓட்டுவது 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம். தெருவும் பொது இடம்தான். ஒரு குழந்தை குறுக்கே வந்துவிட்டால் அந்தக் குடும்பத்துக்கும் உங்கள் குடும்பத்துக்கும் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

சொந்த வண்டிக்கு ஆர்சி 15 வருஷம்; பிறகு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். அதற்குப் படிவம் 25. வண்டியை ஆர்டிஓ அலுவலகத்தில் காட்ட வேண்டும். பசுமை வரியும் உண்டு. அப்பா இறந்திருந்தால் பெயர் மாற்றப் படிவம் 31, கூடவே இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ். இறந்து மூன்று மாதத்துக்குள் செய்ய வேண்டியது. தாமதமாகியிருந்தால் அபராதம் கட்டிச் செய்துகொள்ளுங்கள். புகைச் சான்றிதழும் எடுங்கள். பெயின்ட் அடிக்கக் கொடுத்தால் சேசிஸ் நம்பர் இருக்கும் இடத்தைத் தேய்க்க வேண்டாம் என்று வாயால் சொன்னால் போதாது. டேப் ஒட்டிக் கொடுங்கள். நம்பர் தெளிவாகத் தெரியாமல் இன்ஸ்பெக்ஷனில் திரும்பி வந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு வேலைக்காகத் துபாய் போகிறேன். என் பைக்கை எப்படி விட்டுச் செல்வது?
– வாசகர், குரோம்பேட்டை

போவதற்கு முன் ஆயில் மாற்றுங்கள். பழைய ஆயிலில் இருக்கும் அமிலம் இரண்டு வருஷம் உள்ளே நிற்க வேண்டாம். டேங்க்கையும் கார்புரேட்டரையும் காலி செய்யுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். டேங்க் நிறைய ஊற்றி வைக்கும் பழைய பழக்கம் இப்போது சரிவராது. காலி டேங்க்குக்குள் ஆயில் புரட்டிவிடுங்கள். பிளக் ஓட்டையில் இரண்டு ஸ்பூன் ஆயில் விட்டுச் சுற்றிவிட்டு பிளக்கை மாட்டுங்கள். பேட்டரியைக் கழற்றி யாருக்காவது கொடுத்துவிடுங்கள். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பிளாஸ்டிக் உறை போடாமல் பழைய பருத்திப் போர்வையைப் போடுங்கள். பிளாஸ்டிக்குக்குள் வண்டி வியர்க்கும். சைலன்சர் வாயிலும் ஏர் ஃபில்டர் வாயிலும் துணி அடைத்துவிடுங்கள்.

அப்புறம் ஒரு அட்டையில் என்ன தேதியில் ஆயில் மாற்றினீர்கள், எந்தெந்த வாயில் துணி அடைத்திருக்கிறீர்கள், பெட்ரோல் இல்லை என்பதை எல்லாம் எழுதி ஹேண்டில்பாரில் கட்டிவிடுங்கள். நீங்கள் வருவதற்கு முன் வீட்டில் வேறு யாராவது சாவியைத் தேடி எடுக்கலாம்.